மறுபிறப்பும் பிறவிப்பிணியும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பிறவாமையை வேண்டி நின்ற சமய மரபொன்றின் மொழியிலே, மீண்டும் பிறத்தலே மீட்சிக்கு வழி என்று மற்றொரு சமயம் பேச நேர்ந்தால் யாது நிகழும்? கிறிஸ்தவம் தமிழிலே தன்னை எடுத்துரைக்கத் தொடங்கிய காலம் முதலாக இவ்வினா அதனைத் தொடர்ந்து வந்துள்ளது. ஆயினும் கிறிஸ்தவத் தமிழிலக்கியம் பற்றிய கட்டுரைகளிற் பல, யாப்பு, அணி, கம்பனின் செல்வாக்கு, வடசொற் கலப்பு என்பவற்றைக் கணக்கெடுப்பதோடு அமைதி கொண்டுவிடுகின்றன. அந்நூல்கள் எதனைக் கூறுவதற்காக எழுந்தனவோ அதனைத் தமிழ்மொழி எவ்வாறு ஏற்றுக்கொண்டது, எவ்விடத்திலே எதிர்த்து நின்றது என்பது அக்கணக்கினுள் அகப்படுவதில்லை.

யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்திலே நிக்கொதேமு என்னும் யூதப் பெரியார் இரவு வேளையில் இயேசுவைக் காண வருகின்றார். கற்றவர், ஒழுக்கத்திற் குறைவற்றவர், தம் மக்களுக்குப் போதகர். அத்தகைய ஒருவரிடமே மீண்டும் பிறந்தாலன்றி இறைவனின் அரசைக் காண இயலாது என்று இயேசு கூறுகின்றார். இவ்விடத்தில் வரும் 'அனோதென்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மீண்டும்' என்றும் பொருளுண்டு. 'மேலிருந்து' என்றும் பொருளுண்டு. நிக்கொதேமு முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, முதிர்ந்த ஒருவன் தாயின் கருவறைக்குள் மறுபடி புகுவதெங்ஙனம் என்று வினவுகின்றார். நீரினாலும் ஆவியினாலும் பிறக்கும் பிறப்பொன்றைச் சுட்டி அவருக்கு விடை அளிக்கப்படுகின்றது. முழு உரையாடலும் ஒரு சொல்லின் இருபொருளிலே தங்கியுள்ளது எனல் மிகையாகாது. தமிழ் வேதாகம வழக்கிலே நிலைபெற்றதோ 'மறுபடியும்' என்ற சொல். இதனால் தமிழ் வாசகன் நிக்கொதேமுவின் பக்கத்திலேயே நிறுத்தப்படுகின்றான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நிக்கொதேமுவுக்கு இரண்டாம் பிறப்பு நடக்கவொண்ணாத விந்தை. தமிழ் வாசகனுக்கு அது நன்கு பழகிப்போன துன்பம். பிறவி நோயென்றும் கடலென்றும் கேட்டு வளர்ந்தவனிடம் இன்னுமொரு பிறவியைப் பரிசாக நீட்டினால் அவன் அதனை எவ்வாறு கொள்வான்?

நல்ல இரண்டாம் பிறப்பு என்னும் எண்ணம் தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. அந்தணரை 'இருபிறப்பாளர்' எனக் குறிக்கும் வழக்கு திருமுருகாற்றுப்படை அளவுக்குப் பழையது. ஆயின் அவ்விரண்டாம் பிறப்பு முதற்பிறப்பினாலே தீர்மானிக்கப்படுவது. இன்ன குலத்திற் பிறந்தவனே இரண்டாம் முறையும் பிறக்கத் தக்கவன் என்பது அதன் விதி. சைவாகமங்கள் கூறும் தீட்சை இதனினும் நெருக்கமானது. வாகீசுவரியின் கருப்பையிலே சீடனின் ஆன்மாவைப் பாவனையாற் சேர்த்துச் சிவனின் மகவாகப் பிறப்பிக்கும் கிரியை அதிலே உண்டு. யோவான் கூறும் மேலிருந்து வரும் பிறப்பை விளக்க இதனைவிட அண்மையான ஓர் ஒப்புமை தமிழ்ச் சூழலிற் கிடைத்திருக்குமா என்பது ஐயம். எனினும் மிஷனரிமாரின் தமிழிலே வழங்கிய சொற்கள் வேறு: மறுஜென்மம், குணப்படுதல், மனந்திரும்புதல். இவற்றுட் 'குணப்படுதல்' இன்று பெரும்பாலும் வழக்கிறந்துவிட்டது. அது ஓர் இழப்பே. நோய் நீங்குதலையும் இயல்பு திருந்துதலையும் ஒருசேரக் குறித்த சொல் அது. சூலை நோயினால் ஆட்கொள்ளப்பட்டுச் சமணத்திலிருந்து மீண்ட திருநாவுக்கரசரின் வரலாற்றை அறிந்தோருக்கு அச்சொல்லின் இருமுகமும் எளிதில் விளங்கியிருக்கும்.

இச்சொற்களையெல்லாம் பின்தள்ளிவிட்டு இன்று முன்னிற்பது 'மதமாற்றம்' என்பது. இச்சொல் வெளியிலிருந்து நோக்குபவனின் சொல். ஒரு பேரேட்டிலிருந்து பெயரை வெட்டி இன்னொரு பேரேட்டிற் பதிவதை அது நன்கு குறிக்கும். அகத்தே நிகழ்வதைக் குறிக்காது. கிறிஸ்தவ வரலாற்றிலே மனந்திரும்புதலுக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவோரிற் பலர், வழக்கமான பொருளில் மதம் மாறியவர்களே அல்லர் என்பதை நோக்க வேண்டும். தமஸ்கு வழியில் ஒளிகண்டு வீழ்ந்த பவுலின் கதையை அப்போஸ்தலர் நடபடிகள் மும்முறை கூறுகின்றது. ஆனால் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்திற் பவுல் தாமே அதனைக் கூறும்போது, பழைய தீர்க்கதரிசிகள் தாம் அழைக்கப்பட்டமையைக் கூறிய அதே பாங்கிற் கூறுகின்றார். இதனை வைத்தே சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால், 1963இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற கட்டுரையின் வழியே, பவுலிடம் நிகழ்ந்ததை மதமாற்றம் என்பதைவிட அழைப்பு என்பதே பொருந்தும் என்ற வாதத்துக்கு வழிவகுத்தார். யோன் வெஸ்லி 1728ஆம் ஆண்டிலேயே குருப்பட்டம் பெற்றவர். தம் நெஞ்சம் விந்தையாக வெம்மையுற்றதென அவர் குறித்து வைத்த நாளோ 1738 மே 24. பத்து ஆண்டுகள் பிறரை மனந்திரும்பச் சொல்லிய பின்னரே அவருக்கு அது வாய்த்தது.

இக்காட்டுக்களுள் மிகச் செறிவானது யோன் பனியனுடையது. பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலைச் செய்தவர் அவர். 1666இல் வெளிவந்த தம் ஆன்மிக வரலாற்றிலே ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். பெட்போட் நகரத் தெருவொன்றில் ஏழைப் பெண்கள் சிலர் வீட்டு வாசலிலே வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் பேசுவது புதுப்பிறப்பைப் பற்றி. ஆலயத்துக்குச் சென்றும் சமயம் பற்றி வாயாடியும் வந்த பனியன் அருகிற் சென்று செவிமடுக்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. தம் சமயத்தையே தாம் அறியாதவர் என்ற உணர்வு அவரைத் தாக்குகின்றது. அதன்பின் ஆண்டுக் கணக்கில் நீண்ட ஐயமும் அச்சமும் அவரைப் படுத்திய பாட்டை அந்நூல் ஒளிவுமறைவின்றிக் கூறும். கிறிஸ்தவ நாட்டிலே கிறிஸ்தவனாகப் பிறந்தவனுக்கும் அப்பிறப்புப் போதாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது. அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்த இவரே 1678இல் 'பரதேசியின் மோட்சப் பிரயாண'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். அதனைத் தழுவித் தமிழில் எழுந்த காப்பியமே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'.

கிருஷ்ணபிள்ளை (1827-1900) திருநெல்வேலிச் சீமையிலே வைணவ வேளாள மரபிற் பிறந்தவர், கம்பனிற் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்து மிஷன் கல்லூரியிலே தமிழாசிரியரானார். கிறிஸ்தவரிடம் ஊழியம் செய்வதும் கிறிஸ்தவராவதும் அன்று ஒன்றாகக் கருதப்படவில்லை. அவருடைய தம்பி முத்தையாபிள்ளை அவருக்கு முன்னரே கிறிஸ்தவரானார். ஐந்தாண்டு கழித்து, 1858இல், கிருஷ்ணபிள்ளையும் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. காப்பியமோ அதற்கும் நெடுங்காலத்தின் பின்னரே உருவாயிற்று. 'நற்போதகம்' என்ற இதழிலே தொடராக வெளிவந்து 1894இல் நூலாயிற்று. ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என ஐந்து பருவங்களும் 3,500க்கும் மேற்பட்ட செய்யுள்களும் கொண்டது. புதிதாகக் குணப்பட்டவனின் பரபரப்பு இதில் இல்லை. தம் இரண்டாம் பிறப்பைப் பல்லாண்டு வாழ்ந்து பார்த்தவரின் நூல் இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பனியனின் நூலிலே மனந்திரும்புதலின் உச்சம் எனத்தக்க காட்சி மிகச் சுருக்கமானது. முதுகிலே பெருஞ்சுமையுடன் நடக்கும் யாத்திரிகன் சற்று மேடான ஓரிடத்தை அடைகின்றான். அங்கே ஒரு சிலுவை, சற்றுக் கீழே ஒரு கல்லறை. சிலுவையின் எதிரே வந்ததும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகின்றது. ஒளிமிக்க மூவர் வந்து பாவமன்னிப்பை அறிவித்து, கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்தி, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரையிட்ட சுருளொன்றைக் கொடுத்துச் செல்கின்றனர். அவ்வளவே. சிலுவையில் ஒருவர் எவ்வாறு இறந்தார் என்பதைப் பனியன் அங்கே விரிக்கவில்லை. விரிக்கத் தேவையுமில்லை, அவருடைய வாசகர்கள் அக்கதையைத் தொட்டில் முதல் அறிந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது அறிந்த கதை தம்மேல் வந்து விழும் கணம்.

கிருஷ்ணபிள்ளையின் நிலை வேறு. அவர் எதிர்பார்த்த தமிழ் வாசகன் அக்கதையை அறியாதவன். அல்லது அந்நியரின் கதையென அறிந்தவன். எனவே கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் கூறும் 'இரட்சணிய சரித படலம்' என்ற நெடும் பகுதியைக் காப்பியத்தினுள் அவர் அமைத்தார். மூலத்தில் இல்லாத இப்பகுதியே நூலின் இதயம் என்பதிற் கற்றோர் பலர் உடன்படுவர். இதனை அறியாதோருக்கு அறிவிக்கும் தேவையாகக் கொண்டு விட்டுவிடுதல் பொருந்தாது. இப்படலம் மறுபிறப்பின் பொருளையே நுட்பமாக மாற்றிவிடுகின்றது. பனியனிடம் மறுபிறப்பு என்பது கடன் தீர்தல், சுமை விழுதல், தீர்ப்பிலிருந்து விடுதலை பெறுதல். நீதிமன்றத்தையும் சிறையையும் அறிந்தவனின் மொழி அது. கிருஷ்ணபிள்ளையிடமோ அது உருகுதல். துன்புறும் தெய்வத்தின் முன்னே நெஞ்சு நெகிழ்வதே அங்கு பிறப்பாகின்றது. சுமை விழுகின்றதோ இல்லையோ, கல் கரைகின்றது. திருவாசகத்தையும் ஆழ்வார் பாசுரங்களையும் செவியிற் கொண்டவருக்கு வேறெவ்வாறு அது தோன்றியிருக்க முடியும்?

காப்பியத்தின் இடையிடையே அவர் அமைத்த இசைப்பாக்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். அவர் இயற்றிய 'போற்றித் திருவகவல்' என்ற நூலின் பெயரோ மணிவாசகரின் அகவலை நினைவூட்டுவது. வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவர் சைவத் திருமுறைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டமை வெறும் அலங்காரமன்று. மணிவாசகரின் போற்றித் திருவகவல், கருவிலே மாதந்தோறும் உயிர் தப்பிப் பிழைத்து வருவதையே விரித்துக் கூறும் பாடல். பிறவியின் துன்பத்தைத் தமிழில் அதனைப் போலக் கணக்கிட்டுரைத்த பாடல் குறைவு. பிறவிப்பிணியின் பாடலுக்குரிய பெயரை மறுபிறப்பின் மகிழ்ச்சியைப் பாடுபவர் தெரிந்தெடுத்தார். முன்னர் சுட்டப்பட்ட முரண்பாட்டை அவர் வாதத்தினால் தீர்க்கவில்லை. பழைய வடிவத்தினுள் புதிய பொருளை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று கேட்கும்படி செய்தார். பிறவாமையை வேண்டியவனும் மறுபிறப்பை வேண்டுபவனும் தள்ள விரும்பியது ஒன்றே, தன்னை மையமாகக் கொண்டு சுழலும் பழைய வாழ்வு, என்பது அத்தேவாரங்களிலே ஓரளவு உணரக் கிடைக்கின்றது.

ஆயின் காப்பியம் முழுவதும் இத்தரத்தது எனக் கூறுதல் இயலாது. கிருஷ்ணபிள்ளையைக் 'கிறிஸ்தவக் கம்பர்' எனப் புகழ்வது வழக்கம். அப்புகழ்ச்சியே அவருடைய குறையையும் காட்டிவிடுகின்றது. பனியனின் உரைநடை கடைத்தெருவின் பேச்சு. அந்த ஏழைப் பெண்கள் பேசியிருக்கக்கூடிய மொழி. அதனாலேயே அவருடைய யாத்திரிகன் மனைவி மக்களின் கூக்குரல் கேளாதவாறு செவிகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடும்போது வாசகனும் திடுக்கிடுகின்றான். அவ்வோட்டத்தின் கொடுமையைப் பனியனும் உணர்ந்திருந்தார் போலும். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்திலே அம்மனைவியையும் மக்களையும் அதே வழியிற் புறப்படச் செய்தார். தமிழ்க் காப்பியத்திலே உவமைகளும் வருணனைகளும் சந்த நயமும் பல இடங்களில் அகப்போராட்டத்தின் முனையை மழுங்கச் செய்கின்றன. அஞ்சி நடுங்குபவன் அணிநயத்தோடு நடுங்கும்போது அச்சம் வாசகனைத் தீண்டுவதில்லை. புலவரின் அவையினர் கற்றறிந்தோர் என்பதும், புதிய சமயம் பழைய புலமைக்குத் தாழ்ந்ததன்று என நிறுவ அவர் விழைந்தார் என்பதும் இதற்குக் காரணமாகலாம். காரணம் எதுவாயினும், தேவாரப் பகுதிகளில் ஒலிக்கும் தனிக்குரல் வருணனைப் பகுதிகளிற் கேட்பதில்லை.

இரு நூல்களுக்கும் பொதுவான ஓர் உண்மை விதந்து கூறற்குரியது. சுமை விழுவது பயணத்தின் முடிவிலன்று, தொடக்கத்தை அடுத்து. இங்கிலாந்தின் பிரசங்கியார் ஸ்பர்ஜன் போன்றோர் சிலுவை இன்னும் முன்னதாக, வாயிலிலேயே இருந்திருக்க வேண்டுமெனக் குறைகூறியதுமுண்டு. அதன் பின்னரே மரணநிழற் பள்ளத்தாக்கும் மாயச் சந்தையும் வருகின்றன. ஐயக் கோட்டையிலே அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்பட்டு, தற்கொலையை எண்ணும் அளவுக்கு யாத்திரிகன் தளர்வதும் மறுபிறப்பின் பின்னரே. அவனை விடுவிக்கும் திறவுகோல் முழு நேரமும் அவனுடைய மார்புச் சட்டைக்குள்ளேயே இருந்தது. பிறந்த குழந்தை நடக்கப் பழக வேண்டும் என்பதைப் பனியன் மறக்கவில்லை. மனந்திரும்பிய நாளையும் நாழிகையையும் சாட்சியாகக் கூறி, அத்துடன் கதை முடிந்ததெனக் கருதும் போக்குக்கு இந்நூல்களில் ஆதரவில்லை.

ஈழத்து வரலாற்றிலும் இப்போக்கின் விளைவைக் காணலாம். 1823இல் நிறுவப்பட்டு 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் காலத்தில், 1824இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் எழுந்த சமய எழுச்சியைப் பற்றி மிஷனரிமார் உவகையோடு எழுதினர். ஆறுமுக நாவலரோ, கல்விக்கும் உத்தியோகத்துக்குமாக ஞானஸ்நானம் பெறுவோரைக் கடுமையாகச் சாடினார். செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் பின்னர் சைவத்துக்கு மீண்டனர். இவ்விவாதத்திலே நாவலரும் மிஷனரிமாரும் ஒன்றிற் கருத்தொருமித்திருந்தனர் என்பது பலராற் கவனிக்கப்படாதது. பேரேட்டில் ஏறிய பெயர் வேறு, மாறிய நெஞ்சம் வேறு என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர். நாவலரின் ஏளனம் மறுபிறப்பை நோக்கியதைவிட, அது நிகழாமலே நிகழ்ந்ததாகப் பாவிக்கப்பட்டதை நோக்கியது எனக் கொள்ளுதல் தகும்.

இனி, முதற்பிறப்பு எங்கே போகின்றது என்ற வினா எஞ்சுகின்றது. பனியனின் யாத்திரிகன் அழகிய மாளிகையின் வாயிலிலே நின்று, இப்பொழுது தன் பெயர் கிறிஸ்தியான் என்றும் முன்னர் தனக்கு அருளற்றவன் என்பது பெயர் என்றும் கூறுகின்றான். கூறியவன் அத்துடன் நிற்கவில்லை. தான் யாப்பேத்தின் வம்சத்தவன் என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றான். மறுபிறந்தவனுக்கும் வம்சம் நினைவிலிருக்கின்றது. ஞானஸ்நானத்தின்போது கிருஷ்ணபிள்ளைக்கு ஹென்றி அல்பிரட் என்ற பெயர் வந்தது. அது இரு தலைப்பெழுத்துக்களாகச் சுருங்கி, தமிழர் வழக்கிலே தந்தையின் பெயருக்குரிய இடத்திலே போய் நின்றுவிட்டது. புதிய பிறப்புக்குப் புதிய தந்தை என்று அதற்குப் பொருள் கொள்ள விரும்புவோர் கொள்ளலாம். ஆனால் கண்ணனின் பெயர் அப்படியே இருந்தது, 'பிள்ளை'யும் இருந்தது.

முதலாவது நிலைத்தமையைக் குறையெனல் ஆகாது. அதுவே அவருடைய தமிழைக் காத்தது. இரண்டாவது அத்துணை எளிதன்று. கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள்ளே சாதி வேறுபாடு அறவே கூடாதெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலே அதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். பக்தி ததும்பும் கீர்த்தனைகளைப் பாடியவர் அவர்; அவருடைய மனந்திரும்புதலை யாரும் ஐயுறவில்லை. பிறப்பொழுக்கம் உலகியல் சார்ந்தது, மறுபிறப்பு ஆன்மா சார்ந்தது என்ற பிரிவினையே அத்தரப்பினர் வாதத்தின் அடிப்படை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடுகள் ஞானஸ்நானத்திலே அற்றுப்போயின என்று கூறும்போது இப்பிரிவினைக்கு இடம் வைத்ததாகத் தெரியவில்லை. 'இருபிறப்பாளர்' என்ற பழைய சொல்லை மிஷனரித் தமிழ் தவிர்த்தது. அச்சொல்லின் விதியோ வேறு வழியாக உள்ளே வந்து சேர்ந்தது. இரட்சணிய யாத்திரிகத்தின் 3,500க்கும் மேற்பட்ட செய்யுள்களிலே யாத்திரிகன் கடக்கும் பள்ளத்தாக்குகளும் கோட்டைகளும் பனியன் பெட்போட்டிலே கண்டவை. பனியன் காணாத கோட்டையொன்று திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் யாத்திரிகர்களின் வழியிலே நின்றது. காப்பியம் அதன் வாயிலைத் தட்டாமலே அப்பாற் செல்கின்றது.